சாவி வைத்திருப்பவன்

பழைய தபால்தலை சேர்ப்பவன், பழைய நாணயம் சேர்ப்பவன், பழைய விளையாட்டு யந்திரம் சேர்ப்பவன் மூவரும் ஒரே ஜாதி என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாமவன் வேறு என்று இப்போது தோன்றுகிறது. தபால்தலை தன் வேலையை ஒரே முறை செய்து முடித்துவிட்டது. அதன் மேல் விழுந்த முத்திரை அதற்குச் சாட்சி. இனி அதனிடம் யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. அது ஆல்பத்துக்குள் நிம்மதியாக இருக்கலாம். காசு போட்டு ஆடுகிற யந்திரம் அப்படி முடிந்துபோன பொருள் அல்ல. அதன் முகத்தில் ஒரு துவாரம் இருக்கிறது. இன்னொருவன் வந்து நிற்பான், சட்டைப்பையைத் தடவுவான், தயங்குவான், பிறகு போடுவான் என்ற எதிர்பார்ப்பில் வெட்டப்பட்ட துவாரம். அந்த ஆள் இல்லாத யந்திரம் பாதிப் பொருள்தான். பாதியை ஏலத்தில் எடுத்துவிடலாம். மீதியை என்ன செய்வது?

உதாரணத்துக்கு ஆல்வின் என்ற யந்திரத்தை எடுத்துக்கொள்கிறேன். பிரிட்டனின் கடற்கரை ஊர்களில், கடலுக்குள் நீளும் இரும்புத்தூண் மேடைகளில், இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இது சாதாரணமாகக் காணக்கிடைத்த ஒன்று. மரப்பெட்டி. கண்ணாடி முகம். உள்ளே சுருளாக வளைந்த உலோகத் தடம். ஒரு பென்னியைப் போட்டால் எஃகுக் குண்டு ஒன்று விசைக்கு முன்னால் வந்து நிற்கும். விசையைச் சுண்டினால் குண்டு தடத்தில் சுற்றி ஏறி, வேகம் தீர்ந்த இடத்தில் நழுவி, கீழே வரிசையாக இருக்கும் கிண்ணங்களில் ஒன்றில் விழும். சில கிண்ணங்கள் வெற்றி, மற்றவை தோல்வி. ஜெயித்தவன் குமிழைத் திருகிக் காசை எடுத்துக்கொள்ளலாம். தோற்றவனுடைய காசு பெட்டிக்குள் போய்விடும். எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடுகிற காரியம். பெட்டிக்கு ஒரு பூட்டு உண்டு. சாவி மேடைக்காரனிடம்.

இந்த யந்திரத்தை விலைக்கு வாங்கித் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டிவைத்தவனை யோசித்துப் பார்க்கிறேன். சாவியும் சேர்ந்து வருகிறது. இரவு சாப்பாட்டுக்குப் பின் அவன் ஒரு பென்னியைப் போடுகிறான். குண்டு தோல்விக் கிண்ணத்தில் விழுகிறது. காசு உள்ளே போகிறது. அவன் பூட்டைத் திறந்து அதே காசை எடுத்து மறுபடி போடுகிறான். தோற்றது யார், ஜெயித்தது யார்? வலது கை இடது கையோடு சதுரங்கம் ஆடுவதைப்போல என்று சொல்லத் தோன்றும். அதுகூடச் சரியில்லை. சதுரங்கத்தில் யானை வெட்டுப்பட்டால் அந்த ஆட்டத்தின் எல்லைக்குள் அது நிஜமாகவே இல்லாமல்போகிறது. இங்கே எதுவும் இல்லாமல்போவதில்லை. குண்டு உருளுகிறது, மணி அடிக்கிறது, ஸ்பிரிங் துடிக்கிறது, எல்லாம் நடக்கிறது. ஆட்டம் மட்டும் நடக்கவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. விளையாட்டு என்பதே லாபநஷ்டத்துக்கு வெளியே இருப்பது, பொருளாதாயத்தோடு சம்பந்தமில்லாதது என்று ஹாய்ஸிங்கா தம்முடைய 1938ஆம் வருஷத்துப் புத்தகத்தில் வாதாடியிருக்கிறார். அவர் கட்சிப்படி வீட்டுக் கூடத்தில் ஆடுபவன்தான் உத்தமமான ஆட்டக்காரன். காசு நஷ்டமாகும் பயம்கூட அவனுக்கு இல்லை. எனக்கு இது ஒப்பவில்லை. ஒரு பென்னியின் மதிப்பு அற்பம்தான். ஆனால் நான் பேசுவது மதிப்பைப் பற்றி அல்ல. துவாரத்தின் விளிம்பில் காசை விட்ட கணத்துக்கும் அது உள்ளே விழும் சத்தத்துக்கும் இடையில், இனி இதைத் திரும்ப எடுக்க முடியாது என்ற உணர்வு ஒன்று வருகிறதே, அதைப் பற்றி. வாழ்க்கையில் நாம் செய்யும் எந்தக் காரியத்துக்கும் உள்ள குணம் அது. அந்தக் குணத்தின் மிக மலிவான மாதிரி ஒரு பென்னிக்கு விற்கப்பட்டது. சாவி கைக்கு வந்ததும் அந்த உணர்வு போய்விடுகிறது. சேகரிப்பவன் தனக்கு எது வேண்டுமென்று இதை வாங்கினானோ, வாங்கிய காரியமே அதை ரத்து செய்துவிடுகிறது.

போதாததற்கு அவன் பின்கதவைத் திறந்தும் பார்த்துவிட்டான். மூன்று உருளைகள் சுழலும் சூதாட்ட யந்திரத்தில், உருளைக்கு இருபது நிறுத்தங்கள் என்றால், 8000 சேர்க்கைகள். வெளியே நிற்பவனுக்கு அது ஒரு மூடுமந்திரம். அடுத்த இழுப்பில் வரலாம். உள்ளே பார்த்தவனுக்கு அது உருளையின் மேல் ஒட்டிய காகித நாடா. எந்த உருளையில் மணிப் படம் ஒரே ஒன்று, எதில் ஐந்து என்று அவன் விரல்விட்டு எண்ணியிருக்கிறான். தெரிந்தவன் நம்ப முடியாது. ஒரு கணிதக் கண்டிப்போடு அவன் தன்னைத் தானே சொர்க்கத்திலிருந்து வெளியேற்றிக்கொண்டுவிட்டான் (சொர்க்கம் என்பது அதிகப்படியான வார்த்தை, புகையும் பொரித்த மீன் வாடையும் கலந்த ஒரு கூடம்தான் அது).

சேகரிப்பதைப் பற்றி யோசிக்கும்போது வால்டர் பெஞ்சமினைத் தாண்டிப் போக முடியாது. தன் புத்தகப் பெட்டிகளைப் பிரித்து அடுக்குவதைப் பற்றி அவர் 1931இல் எழுதிய கட்டுரையில், புத்தகம் சேர்ப்பவன் அத்தனையையும் படித்தாக வேண்டும் என்பதில்லை என்கிறார். உபயோகத்தின் அடிமைத்தனத்திலிருந்து பொருள்களை விடுவிப்பதுதான் சேகரிப்பவனின் பெருமை. புத்தகத்துக்கு இது பொருந்தும். படிக்காத புத்தகமும் புத்தகம்தான். என்றாவது ஒருவன் படிப்பான். ஆடாத யந்திரத்துக்கு இது பொருந்தாது. எண்ணெய் இறுகும், ரப்பர் வெடிக்கும், தொடுமுனைகளில் பச்சை பிடிக்கும். ஆடினால்தான் அது பிழைத்திருக்கும். ஆடுவதுதான் அதைத் தின்கிறது என்பதும் உண்மை. பின்பால் பலகையில் எஃகுப் பந்து ஒவ்வொரு முறை ஓடும்போதும் வண்ணப்பூச்சை ஒரு மயிரிழை சுரண்டிக்கொண்டு போகிறது. தொடுமுனைகளை அரம் வைத்துத் தேய்த்துச் சுத்தம் செய்தால் அந்த அளவு உலோகம் குறைகிறது. காப்பாற்றுபவன் கையிலும் ஓர் அரம் இருக்கிறது. இத்தனை பாகங்களை மாற்றிய பின் அது அதே யந்திரம்தானா என்று கிரேக்கர்களின் கப்பலைக் கொண்டுவந்து கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் எனக்குச் சுவாரஸ்யம் இல்லை. அதே ஆட்டமா என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் எட்வர்ட் ஸெலின்ஸ்கி என்று ஒருவர் இருந்தார், 2004இல் காலமானார். சிறுவனாக இருந்தபோது, சினிமாக் கொட்டகை பிங்கோவில் பரிசாக வந்த மோட்டார் எண்ணெயைத் தன் ஆசிரியருக்கே விற்று, அந்தக் காசில் ஒரு பென்னி யந்திரம் வாங்கியதில் ஆரம்பித்தது அவருடைய சேகரிப்பு. இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது எண்ணெய் அல்ல. ஒரு சிறுவன் யந்திரம் ஒன்றுக்குச் சொந்தக்காரனானால் அவனுக்கு உடனே என்ன தேவைப்படும்? சிநேகிதர்கள் தேவைப்படுவார்கள். காசுள்ள சிநேகிதர்கள். சொந்தக்காரன் ஆட முடியாது, ஆகவே பிறரை ஆடவைத்துப் பார்க்க வேண்டும் என்ற தர்க்கம் அந்த வயதிலேயே அவனைப் பிடித்திருக்கும் என்று கற்பனை செய்துகொள்கிறேன். அவர் சேர்த்தவை இன்று சான் பிரான்சிஸ்கோவில், 45ஆம் எண் துறைமேடையில், மியூஸே மெக்கானிக் என்ற பெயரில் நிற்கின்றன. முன்னூறுக்குக் குறையாத யந்திரங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. கண்ணாடித் தடுப்பும் கயிறும் கிடையாது. காசு போட்டால் ஓடும், போடாவிட்டால் சும்மா நிற்கும். 1972இல் மூடப்பட்ட பிளேலாண்ட் என்ற கேளிக்கைப் பூங்காவின் சிரிக்கும் பொம்மை, ஆளுயரத்துக்கு மேல் இருக்கும் பல் விழுந்த ஸால், இன்னும் அங்கே காசுக்குச் சிரிக்கிறாள். தேயட்டும் என்று விட்டிருக்கிறார்கள். பழுதானதைச் சரிசெய்து மறுபடி தேயவிடுகிறார்கள். சேகரிப்பின் வழக்கமான நியாயத்துக்கு இது நேர் எதிர். எனக்குத் தெரிந்தவரை இதுதான் நேர்மையான வழி.

பிரிட்டனில் இதே பிரச்சினை வேறு ரூபத்தில் வந்தது. 1971 பிப்ரவரி 15ஆம் தேதி அங்கே நாணயமுறை தசாம்சத்துக்கு மாறியது. 240 பென்னி கொண்ட பவுன் 100 பென்னிக்குச் சுருங்கியது. சுமார் 31 மில்லிமீட்டர் அகலமிருந்த பழைய செப்புப் பென்னி அந்த வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில் செல்லாக்காசாயிற்று. புதியது 20 மில்லிமீட்டர். லட்சக்கணக்கான மனிதர்கள் புதுக் காசுக்குப் பழகிக்கொண்டார்கள்; யந்திரத்தின் துவாரம் பழகிக்கொள்ளவில்லை. துவாரத்தைத் திருத்தாமல் விட்ட யந்திரங்கள் ஒரே நாளில் குருடாகிப்போயின. இப்போது இப்படிப்பட்ட பழைய யந்திரங்களை ஓடவிட்டிருக்கும் இடங்களில், ஸோமர்ஸெட்டின் வூக்கி ஹோல் குகைகளை ஒட்டிய கூடத்தைப் போல, முதலில் மேஜையில் இன்றைய பணத்தைக் கொடுத்துப் பழைய பென்னிகளை வாங்கிக்கொள்ள வேண்டும். அரசாங்கம் ஏற்காத அந்தக் காசுக்கு இந்த நாலு சுவருக்குள் மட்டும் மதிப்பு. சாயங்காலம் பெட்டிகளைத் திறந்து காசுகளைச் சேர்த்து மறுநாள் அதே மேஜையில் வைத்து விற்பார்கள். காசு ஒரு வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இழப்பு துவாரத்தில் நடப்பதில்லை, மேஜையில் முன்கூட்டியே நடந்துவிடுகிறது. அப்படியானால் என் வாதப்படி இதுவும் போலி ஆட்டம் ஆக வேண்டும். ஆனால் விசையைச் சுண்டும் முகங்களைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு பிடி காசு வாங்கியவனும் கடைசிக் காசுக்கு வந்தவுடன் சற்று நிதானிக்கிறான். எண்ணிக்கை என்று ஒன்று இருக்கிறவரை இழப்பும் இருக்கிறது போலும்.

நமக்கு இந்த வம்சத்தில் நெருங்கிய உறவு ரயில்வே நிலையத்து எடை யந்திரம். மேலே ஏறி நின்று, சக்கரம் சுற்றுவது நிற்கும்வரை காத்திருந்து, காசு போட்டால் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் ஓடும். டக் என்று ஓர் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மற்றொரு பக்கம் குணமோ பலனோ ஒரு வரி. எடையை நம்பாதவர்கள்கூட அந்த வரியைப் பர்ஸில் வைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். என் மாமா ஒருவர் மூன்று வருஷம் வைத்திருந்தார். அதில் நல்லதாக எதுவும் சொல்லியிருக்கவில்லை.

சட்டமும் இந்த யந்திரங்களிடம் வந்து குழம்பியிருக்கிறது. 1942இல் நியூயார்க் நகர மேயர் லா கார்டியா பின்பாலைச் சூதாட்டம் என்று தடைசெய்து, பிடித்த யந்திரங்களைச் சம்மட்டியால் உடைக்கச் செய்தார். தாமும் சம்மட்டியோடு போட்டோவுக்கு நின்றார். கீழிருந்து பந்தைத் தட்டும் துடுப்புகள் 1947இல்தான், சிகாகோவில் செய்யப்பட்ட ஹம்ப்டி டம்ப்டி என்ற யந்திரத்தோடு வந்தன; அதற்குப் பிறகும் தடை முப்பது வருஷம் நின்றது. 1976இல் ரோஜர் ஷார்ப் என்ற பத்திரிகையாளர் நகர சபையாரின் முன்னால் ஆடிக்காட்டி, பந்து எந்த வழியாகப் போகும் என்று முன்கூட்டிச் சொல்லி அவ்வழியே போகவிட்டார். ஆகவே திறமை, ஆகவே சூது அல்ல என்று தடை நீங்கிற்று. அந்த ஒரு வீச்சில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கிருந்ததென்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். திறமை தர்மம், அதிர்ஷ்டம் அதர்மம் என்ற இந்தப் பாகுபாடு எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. யந்திரத்தில் அதர்மம் வேறு இடத்தில் இருக்கிறது. அதற்குத்தான் வருகிறேன்.

ஜெயிப்பதும் தோற்பதும் இல்லாத யந்திரங்கள் சில உண்டு. காசு போட்டால் ஒரு காட்சி நடக்கும், அவ்வளவுதான். சில வருஷங்களுக்கு முன் சான் பிரான்சிஸ்கோ கூடத்தில் அப்படி ஒன்றின் முன்னால் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிறைச்சாலையின் முகப்பு. காசு விழுந்ததும் கதவுகள் திறக்கின்றன. உள்ளே தூக்குமேடை, கழுத்தில் கயிறோடு ஒரு விரல்நீள மனிதன், பக்கத்தில் பாதிரியார், தூக்குப் போடுபவன். மேடையின் பலகை கீழே திறந்துகொள்கிறது. மனிதன் சடாரென்று இறங்கித் தொங்குகிறான். கதவுகள் மூடிக்கொள்கின்றன. இதன் சகோதரன் ஒன்றும் உண்டு. அதில் கில்லட்டின், தலை தனியாக விழும்.

பிரிட்டனில் பொது இடத்தில் தூக்கிலிடுவது 1868இல் நின்றது. அதன் பின் நடந்தவை சிறைக் கதவுகளுக்குப் பின்னால். ஜனங்கள் பார்க்க முடியாமல்போனதைப் பார்க்கக் கொடுத்தவை இந்தப் பெட்டிகள். அவற்றில் கதவு இருப்பதும், காசுக்குத் திறப்பதும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கடைசித் தூக்கு 1964 ஆகஸ்டில். கொலைக்கு மரண தண்டனை 1965இல் நிறுத்திவைக்கப்பட்டு 1969இல் ஒழிந்தது. பிரான்ஸில் கில்லட்டின் 1977 வரை வெட்டியது. 1981இல் சட்டம் அதை ஒழித்தது. பொம்மைகள் இந்தச் சட்டம் எதற்கும் உட்படவில்லை. நிஜத் தூக்குமேடைகளைப் பிரித்துப்போட்ட பிறகும் இந்தச் சின்ன மேடைக்கு ஒருவன் எண்ணெய் போட்டு, கயிறு நைந்தால் புதுக் கயிறு கட்டி, பலகை தங்குதடையின்றித் திறக்கிறதா என்று சரிபார்த்து வைத்திருக்கிறான்.

நான் அன்று இரண்டு காசு போட்டேன். முதல் காசுக்குச் சமாதானம் சொல்லிவிடலாம்: ஆர்வம். என்ன இருக்கிறது என்று தெரியாது என்று சொல்ல முடியாது, பெயர்ப்பலகை இருந்தது; ஆனாலும் பார்த்ததில்லை. இரண்டாவதுக்கு எந்தச் சமாதானமும் இல்லை. சூதாடுபவனையும் யந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளியையும் ஒப்பிட்டு பெஞ்சமின் வேறொரு கட்டுரையில், போதலேரைப் பற்றியதில், எழுதியிருக்கிறார். யந்திரத்தில் ஒவ்வோர் அசைவும் முந்திய அசைவோடு தொடர்பற்றது. சூதாட்டத்தில் ஒவ்வொரு வீச்சும் அப்படித்தான், எதுவுமே நடக்காததுபோல ஆரம்பத்திலிருந்து தொடங்குவது. ஆல்வினில் நின்று ஆடுபவனுக்கு இது சரி. என் இரண்டாவது காசு அப்படி இல்லை. முழுக்க முழுக்க முந்தியதிலிருந்து வந்தது அது. என்ன நடக்கும், எத்தனை விநாடியில், எந்தச் சத்தத்தோடு என்று அறிந்தே போட்டேன். தோற்பதற்கு எனக்கு எதுவும் இல்லாத ஆட்டம் அது. போவது வேறொருவன்.

அப்போதுதான் புரிந்தது, இந்த மனிதர்கள் சேகரித்துக் காப்பது மரத்தையும் பித்தளையையும் அல்ல என்று. ஒரு சபலத்தை ஓடும் நிலையில் வைத்திருக்கிறார்கள். வேறெந்தச் சேகரிப்பிலும் இந்தப் பொறுப்பு இல்லை. சித்திரவதைக் கருவியை மியூஸியத்தில் வைப்பவன் அதைக் கூர்தீட்டி வைப்பதில்லை. பார்ப்பவன் கையில் கொடுப்பதுமில்லை. இவன் கொடுக்கிறான். ஒவ்வொரு காசுக்கும் நடக்கும் தூக்கில் அவனுக்குப் பங்கு உண்டா? உண்டு என்றே நினைக்கிறேன். அதற்காக அதை நிறுத்தி, கண்ணாடிக்குள் வைத்து, விக்டோரிய யுகத்தின் குரூரம் என்று ஓர் அட்டை எழுதி வைத்தால் நமக்கு ரொம்ப சௌகரியம். கைகட்டி நின்று, நம் முன்னோர் எப்பேர்ப்பட்டவர்கள் என்று தலையாட்டிவிட்டுப் போகலாம். ஓடுகிற யந்திரத்தின் முன் அந்தச் சௌகரியம் கிடைப்பதில்லை. ஆகவே ஓடட்டும் என்பது என் பக்கம்.

ஆனால் இந்த என் பக்கத்தை நான் எல்லாவற்றுக்கும் நீட்டத் தயாரில்லை. கறுப்பு மனிதனின் முகத்தைக் கேலியாக வரைந்து குறிப்பலகையாக வைத்த ஆட்டங்களும் அந்தக் காலத்துக் கேளிக்கைக் கூடங்களில் இருந்தன. அவற்றை அவ்வாறே ஓடவிட வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. தூக்கில் தொங்கும் பொம்மைக்குப் பெயர் இல்லை. வரிசையில் நிற்பவர்களில் யாரும் அதற்கு உறவு இல்லை. குறிப்பலகையின் முகத்துக்கு உறவு உண்டு. அவர்கள் அதே கூடத்துக்குள் குழந்தைகளோடு வரக்கூடும். இந்த வித்தியாசம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று தெரியவில்லை. 1964இல் தூக்கிலிடப்பட்டவர்களுக்கும் மனிதர்கள் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் அந்தப் பெட்டியின் முன் வந்து நின்றால் என் தர்க்கம் என்ன ஆகும்? அந்தக் கேள்வியை இத்தோடு விடுகிறேன், தீர்ந்துவிட்டதனால் அல்ல.

இரண்டாவது முறை கதவுகள் மூடிய பிறகு நான் உடனே நகரவில்லை. உள்ளே ஏதோ சத்தம் கேட்டது. முதல் முறை கவனிக்கவில்லை. தொங்கியவனை மேலே இழுத்து, பலகையை மூடி, கயிறைத் தளர்த்தி, அடுத்த காசுக்காக எல்லாவற்றையும் பழையபடி நிறுத்துகிறது யந்திரம். அது முழுவதும் மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கிறது. பார்க்க வருபவனுக்கு அது கிடையாது. எனக்குப் பின்னால் பத்து வயதிருக்கும் ஒரு பெண் உள்ளங்கையில் காசை வைத்துக்கொண்டு நான் போகக் காத்திருந்தாள். விலகி நின்றேன். அவள் காசைப் போடவில்லை. பெட்டியின் பக்கவாட்டு மரத்தில் காதை வைத்து, சத்தம் அடங்குகிறவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.